காட்டும் வினாவும்: இலக்கியத் திறனாய்வுப் பத்தி எழுத மாணவரை ஆயத்தப்படுத்தல்

படிவம் நான்கில் தமிழ் இலக்கியத்தைப் பாடமாக எடுக்கும் மாணவர் முதலில் இடர்ப்படுவது நூலைப் படிப்பதில் அன்று. கதையைப் படித்துவிடுகிறார், அதைத் தோழரிடம் சுவையாகச் சொல்லவும் அவரால் இயல்கிறது. யார் நல்லவர், யார் பொல்லாதவர், எந்த இடத்தில் கண் கலங்கியது என்றெல்லாம் வாய்மொழியாகச் சொல்லத் தெரிந்தவர், "இக்கதையில் வரும் தாயின் பாத்திரப்படைப்பை விளக்குக" என்று தாளில் ஒரு வினாவைக் கண்டவுடன் வேறொருவராகிவிடுகிறார். தாம் படித்தது, தாம் உணர்ந்தது யாவும் எங்கோ மறைந்து, வழிகாட்டி நூலில் மனனம் செய்த பத்தி ஒன்று தாளில் வந்து அமர்கிறது. இந்த இடைவெளியைக் குறித்தே இங்குப் பேச விழைகின்றேன்.

இஃது ஏதோ எழுத்துப் பயிற்சி பற்றிய சிறு செய்தி என்று கருத வேண்டா. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமாகும்; மாணவர் விரும்பினால் மட்டுமே வாழும். 2010ஆம் ஆண்டு முதல் தேர்வுப் பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகுமே என்று நம் சமுதாயம் குரல் எழுப்பியதும், பின்னர்ப் பத்துடன் மேலும் இரண்டு பாடங்கள் எடுக்கலாம் என இசைவு கிடைத்ததும் ஆசிரியர்கள் பலர் நினைவில் இருக்கும். அந்த இரண்டு இடங்களைப் பெறுவதற்கு அவ்வளவு பாடுபட்டோம். அவ்விடத்தில் வந்து அமரும் மாணவர், தாம் எண்ணாத ஒன்றைத் தம் எண்ணமாக எழுதுவதற்கு மட்டுமே பழகுவாரானால் நாம் காத்தது பாடத்தின் பெயரைத்தான். அத்தகைய மாணவர் தம் தம்பிக்கும் தங்கைக்கும் இப்பாடத்தை எடுக்குமாறு சொல்லவும் மாட்டார்.

எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையைப் பலரும் அறிவர். தாயம்மாள் என்னும் ஏழைத் தாய். மங்கம்மாள் முதலான அவள் பிள்ளைகள். அண்டையில் செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமி. தீபாவளிக்கு அச்செல்வர் வீட்டிற்கு அவர்கள் மருமகனாகிய ஜமீன் 'ராஜா' வருகிறார். அதே வேளையில் தாயம்மாளின் குடிசைக்கு உடலெல்லாம் சிரங்கு பிடித்த, நாதியற்ற சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். அவன் பெயரும் ராஜா. தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டி, தன் கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத்துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். தங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் ராமசாமியிடம் பெருமையாகக் கூறுகிறாள்.

தாயம்மாளின் பாத்திரப்படைப்பைப் பற்றி மாணவர் எழுதும் பத்தி பெரும்பாலும் பின்வருமாறு இருக்கும். இது தனியொரு மாணவர் எழுதியதன்று. பல விடைத்தாள்களின் சாயலைக் கலந்து நானே இயற்றியது.

"தாயம்மாள் இரக்க குணம் கொண்டவள். ஏழைச் சிறுவன் ஒருவன் தன் வீட்டிற்கு வந்தபோது அவனைக் குளிப்பாட்டி, உடுத்தத் துணியும் கொடுக்கிறாள். எழுத்தாளர் இப்பாத்திரத்தை மிகச் சிறப்பாகப் படைத்துள்ளார். எனவே, நாமும் தாயம்மாளைப் போலப் பிறருக்கு உதவி செய்து வாழ வேண்டும்."

இதில் எழுத்துப்பிழை இல்லை, பொய்யும் இல்லை. கருத்து இருக்கிறது, சான்றும் இருக்கிறது. ஆயினும் இதைப் படித்து முடித்தபின் கதையைப் பற்றி நாம் புதிதாக எதையும் அறிந்துகொள்ளவில்லை. காரணம் என்ன? இப்பத்தியில் 'தாயம்மாள்' என்னும் பெயரை அகற்றிவிட்டு, இரக்கமுள்ள எந்தப் பாத்திரத்தின் பெயரை இட்டாலும் அது பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்தும் பத்தி எதற்கும் உரியதன்று. மேலும், அதன் நான்கு வாக்கியங்களில் மூன்றாவது வெறும் பாராட்டு; நான்காவது அறிவுரை. இரண்டையும் நீக்கினால் எஞ்சுவன இரண்டே வாக்கியங்கள். அவ்விரண்டிற்கும் இடையில்தான் திறனாய்வு நிகழ்ந்திருக்க வேண்டும். அங்கே ஒன்றுமே நிகழவில்லை.

கருத்து, சான்று, விளக்கம் என்னும் மூன்றடுக்கு அமைப்பை நம் ஆசிரியர்கள் கற்பிக்காமல் இல்லை. பலர் அதனை மேலைநாட்டுக் கல்விமுறையிலிருந்து வந்ததாகக் கருதுகின்றனர். நம் மரபிலேயே அதற்கு நிகரான ஒன்று, சொல்லப்போனால் அதனினும் கூர்மையான ஒன்று, உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் உரையின் இயல்புகளைச் சொல்லும்போது பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள் எனத் தொடங்கிப் பதினான்கு கூறுகளை எண்ணுகிறார். அடுத்து, காண்டிகையுரை என்னும் சுருக்கமான உரைக்கு வேண்டுவன யாவை எனக் கூறுகிறார்: கருத்து, பதப்பொருள், காட்டு. 'காட்டு' என்பது எடுத்துக்காட்டு. இம்மூன்றாலும் அமையலாம், இவற்றோடு வினா, விடை என்னும் இரண்டும் கூட ஐந்தாலும் அமையலாம். இது நூற்பாக்களுக்கு உரை எழுதுவோருக்குச் சொல்லப்பட்டது. கதைத் திறனாய்வுக்குச் சொல்லப்பட்டதன்று. ஆயினும் நம் வகுப்பறைக்கு இதனினும் பொருத்தமான அளவுகோலை நான் கண்டதில்லை.

இன்றைய மூன்றடுக்கு முறையில் இல்லாதவை இரண்டு இங்கே இருக்கின்றன. ஒன்று பதப்பொருள்: சான்றாகக் காட்டும் பகுதியில் உள்ள சொல்லை நின்று பார்ப்பது. மற்றொன்று வினாவும் விடையும்: தான் சொன்ன கருத்துக்குத் தானே ஒரு தடையை எழுப்பி, அதற்கு விடை தேடுவது. பழைய உரையாசிரியர்களின் உரைகளில் "எனின்" என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பரிமேலழகராயினும் சேனாவரையராயினும், ஒன்றைச் சொன்னவுடன் எதிரே ஒருவர் அமர்ந்து மறுப்பதாக எண்ணிக்கொண்டே எழுதுகின்றனர். அந்த எதிராளிதான் உரையை வளர்க்கிறார். நம் மாணவரின் பத்தியில் அந்த எதிராளி இல்லை. அதனால்தான் இரக்கம் என்றவுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இப்போது தாயம்மாளிடம் எதிராளியை அனுப்புவோம். "அவள் இரக்கமுள்ளவள் என்கிறாய். துணி கொடுத்தாள் என்கிறாய். பழைய துணி ஒன்றைக் கொடுத்திருந்தாலும் இரக்கம்தானே? கணவனுக்கு வாங்கிய புதுத்துண்டை ஏன் கொடுக்க வேண்டும்?" இந்த ஒரு வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கலாம். சில மாணவர், "வேறு துணி இல்லை" என்பர். அதுவும் விடைதான், அந்த வீட்டின் வறுமையை அது காட்டும். வேறு சிலர், "தீபாவளி அன்று பழையதை எப்படிக் கொடுப்பது?" என்பர். அந்த விடை வந்ததும் வகுப்பின் போக்கே மாறிவிடும். ஏனெனில் அங்கே துண்டு என்பது வெறும் துணியாக இல்லாமல் வேறொன்றாகிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பத்தி இவ்வாறு அமையலாம்:

"தாயம்மாளின் இரக்கம் மிஞ்சியதைக் கொடுக்கும் இரக்கமன்று; பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இரக்கம். தீபாவளிக்கென்று அவ்வீட்டில் வாங்கிய சில துணிகளுள் அவள் கணவனுக்குரியது ஒரு துண்டு. அதையே அவள் ராஜாவுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். பழந்துணியைக் கொடுத்திருந்தாலும் அஃது உதவியாகவே இருந்திருக்கும். ஆயின், பண்டிகை நாளில் மற்றப் பிள்ளைகள் புத்தாடையில் நிற்க, பழந்துணியோடு நிற்பவன் அவ்வீட்டிற்கு அயலானாகவே தெரிவான். புதுத்துண்டை உடுத்தியதும் ராஜாவும் அன்று அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவனாகிறான். ஆகவே, அவள் செய்தது கொடுத்தல் என்பதைவிடச் சேர்த்துக்கொள்ளுதல் என்பதே பொருந்தும்."

இதனையும் நானே எழுதினேன்; மாணவர் எழுதியதாகச் சொல்லிப் பெருமைப்படவில்லை. ஆனால் இதில் உள்ள ஒரு சொல்லும் படிவம் நான்கு மாணவருக்கு எட்டாததன்று. முதல் பத்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொல்வளத்தில் இல்லை. அங்கே இரக்கம் என்பது முடிவு. இங்கே இரக்கம் என்பது தொடக்கம். "பழந்துணியைக் கொடுத்திருந்தாலும்" என்னும் வாக்கியமே எதிராளியின் வாக்கியம். அதுவே பத்தியை முதல் கருத்திலிருந்து நகர்த்தி, தொடங்கிய இடத்தில் இல்லாத ஒரு சொல்லிடம், 'சேர்த்துக்கொள்ளுதல்' என்பதனிடம், கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நல்ல பத்தியின் கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாது. அஃது அதைத் திருத்தும் அல்லது கூர்மையாக்கும்.

பதப்பொருள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் இலக்கணம் ஒரு மேசையிலும் இலக்கியம் ஒரு மேசையிலும் பரிமாறப்படுகிறது. உயர்வுப்பன்மை, எச்சவும்மை, தேற்றேகாரம் என்றெல்லாம் மாணவர் இலக்கணப் பகுதியில் கற்கின்றனர். கதை படிக்கும்போது அவற்றை மறந்துவிடுகின்றனர். உரையாசிரியர்களுக்கு இப்பிரிவு இருந்ததில்லை. ஓர் உம்மை எதைத் தழுவி வந்தது, ஓர் ஏகாரம் எதைப் பிரித்துக் காட்டுகிறது என்பதைக் கொண்டே அவர்கள் செய்யுளின் உள்ளத்தைத் திறந்தனர்.

நாம் எடுத்துக்கொண்ட கதையின் தலைப்பையே பாருங்கள்: வந்திருக்கிறான் அன்று, வந்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் கூறுவது உயர்த்திக் கூறும் வழக்கே அன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியரே பிரித்துக் காட்டியுள்ளார். எவரை உயர்த்துவது என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை. பேசுகிறவர் முடிவு செய்கிறார். கதையைப் படிக்கத் தொடங்குபவர் அந்த 'ஆர்' விகுதி ஜமீன் ராஜாவுக்கு உரியது என்றே கொள்வார். முடிக்கும்போது அதைச் சிரங்கு பிடித்த சிறுவனுக்குக் கொடுக்கத் தோன்றும். ஒரே விகுதி ஆளை மாற்றிக்கொள்கிறது. இதை ஒரு மாணவர் தாமாகக் கண்டுகொண்டால், அவர் இலக்கண வகுப்பில் பெற்ற அறிவு அன்றுதான் அவருக்குப் பயன்பட்டது எனலாம். ஆசிரியரே அதைச் சொல்லிவிட்டால் அது மற்றொரு மனனப் பகுதியாகிவிடும். ஆகையால், "தலைப்பில் உள்ள ராஜா யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு விலகி நிற்பதே நன்று.

காட்டு என்பது கருத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதை விளக்க, இலக்கியத்தை விட்டு வெளியே வந்தும் ஒரு பயிற்சி கொடுக்கலாம். நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரே அதற்கு உதவும். மலாய் மொழியில் 'திராம்' என்பது சிப்பி வகை ஒன்றின் பெயர்; 'உலு' என்பது ஆற்றின் மேற்பகுதி. இதைக் கேட்டவுடன் மாணவர், "முற்காலத்தில் உலு திராமில் சிப்பி மிகுதியாகக் கிடைத்தது" என்று எழுதிவிடுவர். சான்று பெயரிலேயே இருக்கிறதே என்பர். ஆனால் அச்சிப்பி உப்பு கலந்த நீரில் வாழ்வது. ஆற்றின் மேற்பகுதி நன்னீர். பெயர் சொல்வது ஒன்றே: இது திராம் என்னும் பெயருடைய ஆற்றின் மேற்பகுதி. சிப்பியின் தொடர்பு ஆற்றின் பெயரோடு, ஊரோடு அன்று. சான்று மெய்யானது; அதிலிருந்து எடுத்த கருத்து அதன் எல்லையைக் கடந்துவிட்டது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் நாள்தோறும் இப்பெயர்ப் பலகையைக் காணும் பிள்ளைகளுக்கு இஃது எளிதில் விளங்கும். பிறகு அவர்கள் கதையிலிருந்து ஒரு சான்றை எடுக்கும்போது, "இது உலுவைச் சொல்கிறதா, திராமைச் சொல்கிறதா?" என்று கேட்டால் போதும்.

இதே பிழை சில நாவல்களைப் பற்றி எழுதும்போது வேறு உருவில் வரும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற படைப்பை எடுத்தால், மாணவர் 1942, 1943ஆம் ஆண்டுகளின் வரலாற்றை எழுதிப் பத்தியை நிரப்பிவிடுவர். சப்பானியர் ஆட்சி, தோட்டங்களிலிருந்து ஆள்களைக் கொண்டுபோனமை, தண்டவாளத்தின் நீளம் யாவும் உண்மையே. ஆனால் அவை வரலாற்றுப் பாடத்திற்குரிய சான்றுகள். நாவலாசிரியர் அந்த உண்மையை யாருடைய கண்வழியே காட்டினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதே நமக்குரிய சான்று. வரலாறு பத்தியின் ஓரத்தில் ஒரு வாக்கியமாக நிற்கலாம். நடுவில் வந்து அமரக் கூடாது.

கவிதைக்கு வருவோம். இங்கே மாணவருக்கு வேறொரு துன்பம் நேர்கிறது. மோனை, எதுகை, இயைபு, உவமை, உருவகம் என நயங்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் கவிதைக்குள் அவற்றைத் தேடிப் பிடித்து, கண்ட இடங்களைக் குறித்துவிட்டு, "இக்கவிதையில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது" என முடித்துவிடுகிறார். சந்தைக்குப் போய் வந்தவர் கூடையில் என்ன இருக்கிறது என்று சொன்னதுபோல் இருக்கிறதே தவிர, சமைத்ததாக இல்லை.

குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் பாடிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் தலைவியிடம் பேசுகிறான். நம் தாய்மார் ஒருவருக்கொருவர் என்ன உறவு, தந்தையர் எம்முறையில் உறவினர், நீயும் நானும் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம் என்று கேட்டுவிட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அவர் கண்ட உவமையே பெயராக நின்றது. "உவமையணி பயின்றுள்ளது" என்பது இப்பாட்டைப் பற்றிய செய்தியே, திறனாய்வு ஆகாது. எதிராளியை அழைப்போம்: "இரண்டு பொருள்கள் கலப்பதைச் சொல்லப் பாலும் நீரும் போதாவா? செம்மண்ணும் மழையும் ஏன்?"

இவ்வினாவுக்கு விடை சொல்ல இப்பகுதிப் பிள்ளைகளுக்கு நூலகம் வேண்டா. எண்ணெய்ப் பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பிற்பகல் மழை பெய்து ஓய்ந்தபின் ஓடும் நீரின் நிறத்தை அவர்கள் கண்டிருக்கின்றனர். வெள்ளைக் காலணியில் அதன் கறையை வீட்டிற்கும் கொண்டுபோயிருக்கின்றனர். கேட்டுப் பாருங்கள். "மழை எங்கிருந்தோ வருகிறது, மண் இங்கேயே இருக்கிறது; இரண்டிற்கும் உறவில்லை" என்று ஒருவர் சொல்வார். உடனே பாட்டின் முற்பகுதியில் உள்ள மூன்று வினாக்களும் உயிர் பெற்றுவிடும். உறவில்லாமையைத்தான் அவை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கின்றன. "கலந்தபின் நீரைத் தனியே பிரிக்க முடியாது" என்பார் மற்றொருவர். "தண்ணீருக்கு நிறமில்லை, மண்ணின் நிறத்தை அது வாங்கிக்கொள்கிறது" என்பார் இன்னொருவர். இந்த மூன்றாவது விடை எனக்கு மிகவும் உவப்பானது. அப்படியானால் மண்ணுக்கு மழை என்ன கொடுத்தது என்று மேலும் கேட்கலாம். மூன்று விடைகளுள் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு பத்தி உண்டு. மூன்றையும் ஒரே பத்தியில் திணித்தால் மறுபடியும் பட்டியலாகிவிடும். ஒரு பத்திக்கு ஒரு 'ஏன்' போதும்.

மாணவர் தம் கண்ணால் காணாமல் பழகிய சொற்களால் எழுதுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர், ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்குக் கொடுத்து, அவற்றைப் பற்றி எழுதி வரச் செய்தார். அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். மிகச் சிறந்த பள்ளிகளில் பயின்று வந்த அம்மாணவருள் பலர் கவிதையைப் படிக்காமல், அதைக் கண்டவுடன் தம்முள் முன்பே அணியமாக இருந்த உணர்ச்சியையே எழுதியிருந்தனர். தாய் என்றால் தியாகம், கதிரவன் மறைவு என்றால் சோகம் என்பது போன்ற ஆயத்த மறுமொழிகள் அவை. கவிஞரின் பெயர் தெரியாதபோது எதைப் பாராட்டுவது என்றே பலர் தடுமாறினர். இப்பயிற்சியை நாமும் செய்து பார்க்கலாம். புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் அவ்வளவாக அறியப்படாத கவிதையையும், பள்ளி இதழில் வந்த கவிதை ஒன்றையும் பெயரின்றிக் கொடுத்துப் பாருங்கள். மாணவரைவிட ஆசிரியர்க்குத்தான் அச்சம் மிகும்.

இந்நாட்டில் இத்தகைய முயற்சி நடைபெறாமலும் இல்லை. 1950ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். அதனை அடுத்துத் தமிழ் முரசில் சுப. நாராயணன் 'ரசனை வகுப்பு' நடத்தினார். ஒன்று எழுதக் கற்பித்தது. மற்றொன்று படித்து மதிப்பிடக் கற்பித்தது. படைக்கத் தெரிவதும் சுவைக்கத் தெரிவதும் வெவ்வேறு பயிற்சிகள் என்று ஒரு நாளிதழ்ப் பக்கத்தில் உணர்ந்திருந்தனர் என்பது வியப்புக்குரியது. 1952இல் தமிழ் நேசனுக்கு ஆசிரியப் பணி ஆற்ற இங்கு வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை தங்கி, இளம் எழுத்தாளர்களைக் கூட்டிப் படைப்புகளை விவாதித்தார். நாம் மேலே எடுத்துக்காட்டிய கதையை எழுதிய அதே கைதான் இங்குள்ளவர் கதைகளையும் திருத்தியது. பள்ளிக் கல்வி முழுதாகப் பெறாத தோட்டத்து இளைஞரும் படித்து எழுதிய காலம் அது. பதினொரு ஆண்டுகள் பள்ளியில் பயிலும் இன்றைய மாணவரிடம் அதனினும் குறைவாக எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

வகுப்பறையில் இதனை எப்படித் தொடங்குவது? எழுதச் சொல்லித் தொடங்க வேண்டா. முதல் இரண்டு, மூன்று பாடவேளைகள் பேச்சாகவே இருக்கட்டும். ஒரு மாணவர் கருத்தைச் சொல்ல வேண்டும், அடுத்தவர், "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேட்க வேண்டும், மூன்றாமவர், "அதனால் என்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும். இந்த இரு வினாக்களைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்று விதித்துவிடுங்கள். முதலில் சிரிப்பாக இருக்கும். இரண்டாம் நாளில் கருத்துச் சொல்பவர், வினா வருவதற்கு முன்பே சான்றைத் தேடத் தொடங்கிவிடுவார். எதிராளி அவருக்குள் குடிபுகுந்துவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுதத் தொடங்கியபின் சில சொற்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கலாம். 'மிகச் சிறப்பாக', 'மிக அழகாக', 'அருமையாக' ஆகிய மூன்றும் ஒரு தவணைக்கு வகுப்பில் நுழையக் கூடாது. இவற்றை இழந்த மாணவர் முதலில் கையறு நிலையில் நிற்பார்; பின்னர் எது அழகு என்று சொல்ல முற்படுவார். 'காட்டுகிறது' என்னும் வினையையும் அளவோடு பயன்படுத்தச் சொல்லுங்கள். சில சான்றுகள் காட்டும், சில உணர்த்தும், சில குறிப்பால் சொல்லும், சில ஐயுற மட்டுமே இடந்தரும். எந்தச் சான்று எவ்வளவு வலிமையுடையது என்பதை மாணவர் அந்த வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எண்ணிப் பார்க்கிறார். 'ஐயுற இடந்தருகிறது' என எழுதத் துணியும் மாணவர் அஞ்சுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் அளந்து பேசுகிறார்.

படிப்பினை பற்றியும் மனத்தாங்கலோடு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. தொடக்கப்பள்ளி முதலே ஒவ்வொரு கதையின் இறுதியிலும் படிப்பினை கேட்டுப் பழக்கிவிட்டோம். அதனால் மாணவர் எப்பத்தியையும் "நாமும் அவ்வாறு வாழ வேண்டும்" என்றே முடிக்கின்றனர். படிப்பினையைத் தனி வினாவாகக் கேட்கும்போது அது தன் இடத்தில் இருக்கட்டும். பாத்திரத்தையோ உத்தியையோ விளக்கும் பத்தியில் அறிவுரை புகுந்தால், கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மாணவர் கதையை விட்டு நம்மை நோக்கிப் பேசத் தொடங்கிவிடுகிறார். தாயம்மாள் நமக்கு அறிவுரை சொல்வதற்காகத் துண்டைக் கொடுக்கவில்லை.

திருத்தும் முறையும் மாற வேண்டும். பத்தியின் ஓரத்தில் 'நன்று', 'விளக்கம் போதாது' என்று எழுதுவதால் மாணவர்க்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிவதில்லை. அதற்கு மாறாக, எதிராளியின் ஒரு வினாவை மட்டும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம்: "பழந்துணி கொடுத்திருந்தால்?" "பாலும் நீரும் ஏன் ஆகாது?" நாற்பது தாள்களுக்கு நாற்பது வினா எழுதுவது நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. ஒரு வாரம் பத்துத் தாள், மறுவாரம் பத்துத் தாள் எனப் பிரித்துக்கொண்டால், நான்கு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வினா கிடைத்துவிடும். அந்த வினாவுக்கு விடையாக இரண்டே வாக்கியம் சேர்த்து எழுதச் சொன்னால் போதும். பத்தி முழுவதையும் மறுபடி எழுத வைக்க வேண்டா. மனனம் செய்து வந்த பத்தி எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வழிகாட்டி நூலில் அந்த இரண்டு வாக்கியங்கள் இருப்பதில்லை.

தேர்வு நாளில் இவ்வளவு எண்ணிப் பார்க்க நேரம் இருக்குமா என்று மாணவர் கேட்கலாம். அங்கே புதிதாக எண்ண வேண்டிய தேவை குறைவு. எண்ணிப் பழகிய நூல்கள்தாம் வருகின்றன. ஒரு நூலுக்கு ஐந்தாறு 'ஏன்'களை ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்திருப்பவர், எவ்வாறு கேட்டாலும் அவற்றுள் ஒன்றைக் கொண்டு விடை அமைத்துவிடுவார். அதற்கென்று குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, விடைகளை எழுதாமல் வினாக்களை மட்டும் எழுதி வைக்கலாம்.

அப்பக்கத்தின் முதல் வரியாக எழுதுவதற்கு ஒரு வினாவைத் தந்து அமைகின்றேன். கதையின் இறுதியில் மங்கம்மாள் ராமசாமியிடம் ராஜாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள் என்று கண்டோம். அந்தச் சிறுமி ஜமீன் ராஜாவுக்கு ஈடாக ஒருவனைக் காட்டிப் போட்டியில் வெல்ல நினைக்கிறாளா? அல்லது ராஜா என்பது அவளுக்கு அச்சிறுவனின் பெயர் மட்டும்தானா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, கதையிலிருந்து ஒரே ஓர் இடத்தைக் காட்டாகக் கொண்டு, எட்டு வாக்கியங்களுக்கு மிகாமல் எழுதுக. மற்றதைத் தேர்ந்தவரோடு தாளை மாற்றிக்கொண்டு, ஓரத்தில் "எனின்" என்று தொடங்கி ஒரு வினா எழுதித் திருப்பிக் கொடுக்க.